வாழ்நாள் முழுக்கக் கற்பது: பலங்களும் தடுமாற்றங்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளை ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறேன். மொழி, கணக்கு, ஓவியம் என்று பாடங்கள் வேறு வேறாக இருந்தாலும், வகுப்பு முடிந்து கிளம்பும்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வாழ்நாள் கற்றல் என்றால் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கிக்கொண்டே இருப்பதா?

இல்லை. கல்வி இளமையோடு முடிந்துவிடாமல் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும் என்று யுனெஸ்கோவுக்காக எட்கார் ஃபோர் தலைமையிலான குழு 1972-லேயே அறிக்கை கொடுத்தது. 1996-ல் ஜாக் டெலோர் தலைமையிலான குழு கற்றலை நான்காகப் பிரித்தது: அறியக் கற்பது, செய்யக் கற்பது, மற்றவர்களோடு சேர்ந்து வாழக் கற்பது, தன் இயல்பில் நிறைவாக இருக்கக் கற்பது. பட்டம் இதில் ஒரு சிறு பகுதிக்குத்தான் சம்பந்தப்பட்டது.

கனடாவைச் சேர்ந்த ஆலன் டஃப், பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்து 1971-ல் வெளியிட்டார். அவர்கள் கற்றதில் பெரும்பகுதி தாங்களே திட்டம் போட்டு, தாங்களே நடத்திக்கொண்டது என்று அதில் தெரியவந்தது. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் அதைப் பற்றித் தேடிப் படிக்கிறோம். அலுவலகத்தில் புது மென்பொருள் வந்தால் தட்டித் தடவிப் பழகுகிறோம். ஆகவே "நான் இனிமேல்தான் கற்க ஆரம்பிக்க வேண்டும்" என்று வருபவர்களிடம், நீங்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுவேன்.

வயதான பிறகு மூளை வாங்குமா?

வாங்கும். எல்லாமே முன்போல வாங்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

2015-ல் ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹார்ன், லாரா ஜெர்மின் இருவரும் பல்லாயிரக்கணக்கானவர்களிடம் இணையம் வழியாகச் சோதனை நடத்தினார்கள். மனத்திறன்கள் எல்லாம் ஒரே வயதில் உச்சம் தொட்டு ஒரே வயதில் இறங்குவதில்லை என்று அதில் தெரிந்தது. தகவலைக் கையாளும் வேகம் பதின்பருவத்தின் கடைசியில் உச்சத்தில் இருக்கிறது. மற்றவர் கண்ணைப் பார்த்து உணர்ச்சியைப் புரிந்துகொள்ளும் திறன் நடுவயதில்தான் உச்சத்துக்கு வருகிறது. சொல்வளமோ அறுபது வயதைத் தாண்டியும் கூடிக்கொண்டே போகிறது.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க நகர மையத்தைச் சுற்றியுள்ள ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பயிற்சியில் சேர்ந்தவர்களின் மூளையைத் தொடக்கத்திலும் சில வருடம் கழித்தும் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை எலனோர் மக்வைர் குழு 2011-ல் வெளியிட்டது. தேர்ச்சி பெற்றவர்களுக்கு, இடநினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது. தேர்ச்சி பெறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இவர்கள் எல்லோரும் பெரியவர்கள்.

இன்னொரு மனிதரையும் சொல்ல ஆசை. 18-ஆம் நூற்றாண்டில் மேரி டெலனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி தன் 72-வது வயதில் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிப் பூக்களின் உருவங்களைச் செய்யத் தொடங்கினார். கண்பார்வை மங்கும்வரை செய்துகொண்டே இருந்தார். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான படங்கள். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

என் பலம் எது, தடை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யாரும் கட்டாயப்படுத்தாமல் நீங்களாகக் கற்றுக்கொண்ட ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பழுது பார்ப்பதாக இருக்கலாம், வரி கட்டும் முறையாக இருக்கலாம். எப்படி ஆரம்பித்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், மாட்டியபோது யாரிடம் போனீர்கள், இல்லை யாரிடமும் போகவில்லையா? இதை ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்து, ஆசையாகத் தொடங்கிக் கைவிட்ட ஒன்றைப் பற்றியும் அதேபோல் ஒரு பக்கம். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒரே குணம் இரண்டு இடத்திலும் வேலை செய்திருப்பது பெரும்பாலும் தெரியவரும். வகுப்புக்கு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: கற்க உதவுகிற குணமும் கற்க விடாத குணமும் பெரும்பாலும் ஒன்றே.

சட்டென்று பிடித்துக்கொள்பவர்கள் முதல் மாதம் ஜொலிப்பார்கள். பாடம் கடினமாகும்போது முதலில் நின்றுவிடுபவர்களும் அவர்கள்தான், ஏனென்றால் புரியாமல் உட்கார்ந்து பழக்கமில்லை. பொறுமைசாலிகள் பாடம் பாடமாக முன்னேறுவார்கள். ஆனால் மோசமான புத்தகம் கையில் சிக்கினாலும் அதே பொறுமையோடு கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவார்கள். கச்சிதம் பார்ப்பவர்கள் செய்கிற பயிற்சி அருமையாக இருக்கும், ஆனால் புது மொழியில் ஒரு வாக்கியம் பேசச் சொன்னால், இலக்கணம் முழுக்கத் தெரிந்த பிறகு பேசுகிறேன் என்பார்கள். யாருடைய தயவும் வேண்டாம் என்று தனியாகப் படிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான். ஆனால் அவர்களிடம் ஒரு தவறு புகுந்துவிட்டால், திருத்த ஆள் இல்லாததால் அது வருடக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும்.

குணத்தை மாற்று என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. அது இருக்கட்டும், அது காலை வாரிவிடுகிற இடத்தில் மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்பேன். தனியாகப் படிப்பவர் மாதம் ஒருமுறை தன் வேலையை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டலாம். கச்சிதம் பார்ப்பவர், வாரத்தில் ஒரு நாள் தவறோடுதான் பேசுவேன் என்று வைத்துக்கொள்ளலாம். பொறுமைசாலி, ஐம்பது பக்கம் படித்தும் ஒன்றும் கிடைக்காத புத்தகத்தை மூடிவைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நம்மைப் பற்றிய நம் மதிப்பீடு அவ்வளவு நம்பகமானதில்லை. ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் இருவரும் 1999-ல் வெளியிட்ட சோதனைகளில், மிகக் குறைவாக மதிப்பெண் எடுத்தவர்கள் உண்மையில் நூறு பேரில் கீழிருந்து எண்ணினால் 12-வது இடம் அளவில் இருந்தார்கள். தங்களை 62-வது இடத்தில், அதாவது சராசரிக்கு மேலே, வைத்துக்கொண்டார்கள். அதனால் இந்த இரண்டு பக்கத்தையும் உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

படிக்கும்போது நன்றாகப் புரிகிறது. மறுநாள் ஒன்றுமே நினைவில் இல்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

அநேகமாக இல்லை, படிக்கும் முறையில்தான் கோளாறு. மறுபடி மறுபடி வாசிப்பது சுகமாக இருக்கும். வரிகள் பழக்கப்பட்டுவிடுவதால் தெரிந்துவிட்டது போல ஒரு நினைப்பும் வரும். பழக்கப்பட்டது வேறு, தெரிந்தது வேறு.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006-ல் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பவும் வாசித்தார்கள். இன்னொரு பகுதியை, வாசித்த பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்ததுதான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் தங்கியிருந்தது, வாசித்ததில் 42 சதவீதம்.

செய்து பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பற்றி இரண்டு பக்கம் படித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதுகிறீர்கள்: "நிலவு நீரை ஈர்க்கிறது. நிலவை நோக்கிய பக்கத்தில் நீர் உயர்கிறது." சரி. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறுகிறதே, ஏன்? பேனா நின்றுவிடும். படித்தபோது இந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிப் போயிருப்பீர்கள். இப்போது புத்தகத்தைத் திறந்தால் அந்த ஒரு பத்தியை மட்டும் தேடிப் படிப்பீர்கள்: நிலவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள நீரைவிடப் பூமியின் நடுப்பகுதி நிலவுக்கு அருகில் இருப்பதால் அதிகமாக இழுக்கப்படுகிறது, நீர் பின்தங்கிவிடுகிறது, அங்கேயும் ஒரு மேடு உண்டாகிறது. தேடிப் போய்ப் பிடித்த இந்தப் பதில் லேசில் மறக்காது.

பேனா நிற்கும்போது வருகிற எரிச்சலைத்தான் பலரும் "எனக்கு வரவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். கற்றல் நடக்கிற இடமே அதுதான். ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் இந்த மாதிரிச் சிரமங்களை விரும்பத்தக்க சிரமங்கள் என்று குறிப்பிட்டார்.

சரி, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்?

கொஞ்சம் மறக்க ஆரம்பித்ததும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, அதே மூன்று மணி நேரத்தைப் பல நாளுக்குப் பிரித்துக்கொள்வது நல்லது. கற்றல் உளவியலில் மிக உறுதியாக நிரூபிக்கப்பட்ட விஷயங்களில் இது ஒன்று.

கணக்கு வைத்துக்கொள்ளச் சிரமமாக இருந்தால் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் பிரபலமாக்கிய அட்டைப் பெட்டி முறை இருக்கிறது. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். பெட்டியில் ஐந்து அறைகள். பதில் சரியாக வந்தால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பி வரும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். பின்னால் போகப் போக இடைவெளி கூடும். அங்கி (Anki) போன்ற செயலிகள் செய்வதும் இதே வேலைதான், இடைவெளிக் கணக்கை அவையே போட்டுக்கொள்ளும். அட்டைகளை மட்டும் நீங்களே எழுதுங்கள். யாரோ தயாரித்ததை இறக்கிக்கொண்டால் பாதிப் பலன் போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

என் வேலையில் எனக்கு நல்ல பெயர். புது வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் கூச்சமாக இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மெதுவான குரலில்தான் கேட்பார்கள். வகுப்பை விட்டுப் போகிறவர்களில் பலர் இந்தக் கூச்சத்தால்தான் போகிறார்கள் என்று நினைக்கிறேன். நேரம் இல்லை என்பது வெளியே சொல்லிக்கொள்ள வசதியான காரணம்.

இருபது வருடம் ஒரு துறையில் இருந்தவருக்கு, கேள்வி வந்ததும் பதில் வந்துவிடும். அந்த லகுவுக்கே பழகிவிட்டார். ஓவிய வகுப்பில் ஒரு கோப்பையை வைத்து வரையச் சொல்கிறார்கள். கோப்பையின் வாய் வட்டம் என்று அவருக்குத் தெரியும், ஆகவே வட்டமாக வரைகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் அவர் கண்ணுக்கு உண்மையில் தெரிவது ஒடுங்கிய நீள்வட்டம். மேசை தட்டை என்பதால் கோப்பையின் அடியை நேர்க்கோடாக இழுக்கிறார், கண்ணுக்குத் தெரிவதோ லேசான வளைவு. பக்கத்தில் உள்ள இளைஞரின் கோப்பை கோப்பை மாதிரி இருக்கிறது, இவருடையது இல்லை. கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருபவருக்கு அன்று மாலை தாளை மறைக்கத் தோன்றுகிறது.

அவருக்குத் திறமை இல்லாமல் இப்படி ஆகவில்லை. தெரிந்தது பார்ப்பதை மறைத்துவிட்டது. முன்னறிவு சில இடங்களில் உதவும், சில இடங்களில் இப்படிக் குறுக்கே நிற்கும். அதே அனுபவம் அவருக்கு வேறு விதத்தில் கைகொடுக்கும்: எந்த வேலையும் படிப்படியாகத்தான் வரும் என்பது அவருக்கு நேரில் தெரியும், பதினெட்டு வயதுக்காரருக்குத் தெரியாது.

என்ன செய்யலாம்? முதல் சில வாரம் தெரிந்தவர்கள் இல்லாத வகுப்பில் சேருங்கள். தாளில் தேதி போட்டு வையுங்கள், பக்கத்து இருக்கையோடு ஒப்பிடாமல் போன மாதத்துத் தாளோடு ஒப்பிடுங்கள். அப்புறம், முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடப் போட அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போகும்.

நான் பார்த்துக் கற்பவன், வாசித்தால் ஏறாது. எனக்கேற்ற முறையில்தானே படிக்க வேண்டும்?

பார்ப்பவர், கேட்பவர், செய்பவர் என்று ஆளைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லர் குழு 2008-ல் முந்தைய ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டது. விருப்பம் இருக்கலாம், தப்பில்லை. முறையைப் பாடம்தான் தீர்மானிக்க வேண்டும். உச்சரிப்பைக் கேட்டுத்தான் பழக வேண்டும், வரைபடத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்வம் நிறைய இருக்கிறது. பத்து விஷயம் தொடங்குகிறேன், ஒன்றும் முடிவதில்லை.

முடிப்பது எல்லா நேரமும் தேவையில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இணைய வகுப்புகளை ஆராய்ந்தவர்கள், 2017-18-ல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் முடித்தார்கள் என்று கண்டார்கள். பணம் கட்டிச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள். பணத்தின் மாயம் என்று நான் நினைக்கவில்லை. முடிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் பணம் கட்டியிருப்பார்கள். மற்றவர்களில் பலர் எட்டிப் பார்க்க வந்தவர்கள், அவர்களுக்கு வேண்டியது முதல் இரண்டு பாடத்தோடு கிடைத்திருக்கலாம்.

அதனால் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: இது எட்டிப் பார்ப்பது, இது ஆழமாகப் போவது. ஆழமாகப் போவது ஒரு சமயத்தில் ஒன்று இருக்கட்டும். எட்டிப் பார்ப்பது எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பல துறைகளை மேய்ந்தவர்களுக்குத்தான் ஒன்றில் கண்டதை இன்னொன்றில் பொருத்திப் பார்க்க முடிகிறது. அந்த ஆர்வத்தை யாரும் வெட்டிவிடச் சொன்னால் கேட்காதீர்கள்.

நேரமே கிடைப்பதில்லையே?

குழந்தையோ முதியவரோ வீட்டில் இருக்க, இரண்டு வேலை பார்ப்பவரிடம் "மனமிருந்தால் நேரம் வரும்" என்று சொல்வது அநியாயம். சில வருடங்களில் உண்மையிலேயே நேரம் இருக்காது, அந்தக் காலத்தில் கற்பதை ஒத்திவைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

கொஞ்சம் நேரம் இருந்தும் நழுவிப் போகிறவர்களுக்குப் பயன்படுவது, ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுவது. "தினமும் படிப்பேன்" என்பதற்குப் பதில் "இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் மேசையில் உட்கார்ந்து ஐந்து அட்டை பார்ப்பேன்" என்று நேரமும் இடமும் சேர்த்து முடிவு செய்வது. பழக்கம் படிய 21 நாள் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிலிப்பா லாலி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் நடுவாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள்வரை வித்தியாசப்பட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஒரு நாள் தவறியதும் "போச்சு" என்று மூட்டை கட்டுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேகமாக வந்தது. இப்போது மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறேன்.

1890-களில் வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் இருவரும் தந்தி அடிக்கப் பழகுபவர்களை வாராவாரம் அளந்தார்கள். செய்தி அனுப்பும் வேகம் ஓரளவு சீராக ஏறியது. வரும் செய்தியைக் கேட்டு எழுதும் வேகம் கொஞ்சம் ஏறி, வாரக்கணக்கில் அப்படியே நின்று, பிறகு திடீரென்று மேலே போனது. அந்தத் தேக்கத்தின்போது உள்ளே ஒரு வேலை நடக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள்: தனித்தனி எழுத்தாகக் கேட்டவர்கள் முழுச் சொல்லாகக் கேட்கத் தயாராகிறார்கள்.

எல்லாத் தேக்கமும் அப்படித் தானாக உடையாது. செய்வதையே செய்துகொண்டிருப்பதால் நிற்பதும் உண்டு. தெரிந்த பாட்டையே வாசிக்கிறீர்களா, தெரிந்த சொற்களை வைத்தே பேச்சை ஒப்பேற்றுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் வேகத்தைக் குறைத்து, தடுக்குகிற அந்த நாலு ஸ்வரத்தை மட்டும் எடுத்துப் பயிற்சி செய்யுங்கள்.

கேட்டால் ஏஐ எல்லாவற்றுக்கும் பதில் தருகிறது. இனி எதற்குக் கற்க வேண்டும்?

வந்த பதில் சரியா என்று பார்க்கவே அறிவு வேண்டும். ஏஐயைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. முதலில் உங்கள் பதிலை எழுதிவிட்டு, பிறகு அதனிடம் காட்டி எங்கே பிழை என்று கேளுங்கள். அதுவே முதலில் பதில் சொல்லிவிட்டால், பேனா நிற்கிற அந்தத் தருணம் உங்களுக்குக் கிடைக்காது.

வருடக்கணக்கில் விட்டுவிட்டேன். திரும்ப வந்தால் பூஜ்யத்திலிருந்துதானா?

இல்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அளந்ததே இதைத்தான். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, சில நேரம் கழித்து அதே பட்டியலைத் திரும்ப மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. அர்த்தமே இல்லாத அசைகளுக்கே இவ்வளவு என்றால், ஒருகாலத்தில் புரிந்து, ரசித்துக் கற்றதற்கு மிச்சம் இன்னும் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

திரும்பி வருபவர்கள் பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்துக்குள் சலித்துப்போகிறது. அதற்குப் பதில் முதல் நாள் புத்தகத்தைத் திறக்காமல், நினைவிருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அத்தியாயக் கடைசியில் உள்ள பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எந்த அத்தியாயத்தில் முதன்முதலாகத் தடுக்குகிறதோ, அங்கிருந்து படியுங்கள்.